பென்சில் மதிப்பெண்

போன மாதம் என் பெயர்த்திக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. முனைவர் பட்டம் முடித்துவிட்டு, மேற்கொண்டு ஆராய்ச்சி செய்யப் பணம் கேட்டு ஓர் அரசு அமைப்புக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். நாற்பது பக்கம். ஏழு மாதம் கழித்து வந்த பதில் ஒரே வரி: நிபுணர் குழு பரிந்துரைக்கவில்லை.

"எத்தனை மார்க் போட்டாங்க, எதுல குறைச்சாங்கன்னு கேட்க முடியுமா தாத்தா? நீங்க கவர்மெண்ட்ல இருந்தவராச்சே" என்றாள்.

முடியும் என்று சட்டென்று சொல்ல வாய் வரவில்லை. முப்பத்தெட்டு வருடம் கோப்பு கட்டியவன் நான். எது கொடுப்பார்கள், எது கொடுக்கமாட்டார்கள் என்று கொஞ்சம் தெரியும். இதே கேள்வியைக் கேட்டு, கோர்ட் வரைக்கும் போய், விடையும் வாங்கிய இரண்டு பெண்கள் ஸ்வீடனில் இருந்தார்கள் என்று எப்போதோ படித்த நினைவு வந்தது. அந்தக் கதையை அவளுக்குச் சொன்னேன். இங்கும் எழுதி வைக்கிறேன். ஆனால் அதை 1766லிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் பள்ளியில் எல்லாப் பாடமும் பிரெஞ்சில்தான். 1789ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனத்தை முசே எங்களை மனப்பாடம் செய்ய வைத்தார். அதில் 15ஆவது பிரிவு, அரசாங்க வேலை பார்க்கும் எவரிடமும் அவர் நிர்வாகத்துக்குக் கணக்குக் கேட்கும் உரிமை சமூகத்துக்கு உண்டு என்கிறது. உலகத்தில் இதை முதலில் சொன்னது பிரான்சுதான் என்று முசே மேசையைத் தட்டிச் சொல்வார். நானும் வெகு காலம் அப்படியே நம்பிக் கொண்டிருந்தேன்.

ஸ்வீடன்காரர்கள் அதற்கு 23 வருடம் முன்பே சட்டமாகவே எழுதிவிட்டார்கள். 1766 டிசம்பர் 2ஆம் தேதி வந்த அவர்களுடைய அச்சுச் சுதந்திரச் சட்டம், அரசு அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் உள்ள ஆவணங்களை எவரும் கேட்டு வாங்கலாம், அச்சிடவும் செய்யலாம் என்றது. 1761ல் ஆங்கிலேயர் தரைமட்டமாக்கிய நம் புதுச்சேரியை கவர்னர் லா த லோரிஸ்தோன் மறுபடி கட்டிக் கொண்டிருந்த காலம் அது. பிரான்சோ பிரகடனம் செய்ததோடு சரி. அரசுக் காகிதங்களைக் குடிமக்கள் கேட்டுப் பெறலாம் என்று பொதுவான சட்டம் அங்கே வந்தது 1978 ஜூலையில்தான். நடுவில் 189 வருடம்! முசே உயிரோடு இருந்தால் இதை அவரிடம் சொல்லும் தைரியம் எனக்கு இருக்குமா என்று தெரியவில்லை.

அந்த ஸ்வீடன் சட்டத்துக்குப் பின்னால் இருவர் இருக்கிறார்கள். ஒருவர் பீட்டர் ஃபோர்ஸ்கால். தாவரவியல் மேதை லின்னேயஸின் மாணவர். மக்களின் சுதந்திரத்தைப் பற்றி 1759ல் ஒரு சிறு நூல் அச்சிட்டார். நாட்டில் நடப்பதை மக்கள் அறிய வேண்டும், எழுத்தில் விவாதிக்க வேண்டும் என்பது அதன் சாரம். அரசாங்கம் உடனே தடை போட்டது. அச்சிட்ட 500 பிரதிகளையும் திரும்ப வசூலிக்கும் வேலை யார் தலையில் விழுந்தது தெரியுமா? உப்சாலா பல்கலைக்கழகத்துக்கு அப்போது தலைவராக இருந்த அதே லின்னேயஸின் தலையில். மனிதர் தேடினார் தேடினார், 79 பிரதிதான் கிடைத்தது. ரொம்ப முனைந்து தேடினார் என்று எனக்குத் தோன்றவில்லை. மேலிடத்து உத்தரவை இப்படி நிதானமாக நிறைவேற்றுவது ஒரு கலை. அலுவலகத்தில் இருந்தவர்களுக்குப் புரியும்.

ஃபோர்ஸ்கால் பிறகு ஓர் ஆய்வுப் பயணத்தில் அரேபியா போய், 1763ல் ஏமனில் காய்ச்சலில் இறந்துவிட்டார். சட்டத்தைப் பார்க்கவில்லை. லின்னேயஸ் ஒரு செடிக்கு அவர் பெயரை வைத்தார். ஒட்டினால் விடாத செடி அது.

இன்னொருவர் ஆண்டர்ஸ் சிடேனியஸ். பின்லாந்து அப்போது ஸ்வீடனோடு சேர்ந்திருந்தது. அதன் ஒரு கோடியில் சின்ன ஊர்ப் பாதிரியார் இவர். பாதிரிமார்களின் பிரதிநிதியாக நாடாளுமன்றம் வந்து, இந்தச் சட்டத்துக்காகப் பாடுபட்டார். அரசின் நாணயக் கொள்கையைக் குறை சொல்லி எழுதினார் என்று சட்டம் வருவதற்குச் சில மாதம் முன்பு அவரையே நாடாளுமன்றத்தை விட்டு வெளியேற்றிவிட்டார்கள். ஆனாலும் சட்டம் வந்தது. இடையில் ராஜாக்கள் அதை முடக்கினார்கள், பிறகு மீண்டது. இன்றைக்கும் அது அந்த நாட்டு அரசியல் சட்டத்தின் ஒரு பகுதி.

இனி ஒரே தாண்டாக 1995க்கு வருகிறேன்.

ஸ்வீடனில் மருத்துவ ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்க ஓர் அரசு கவுன்சில் இருந்தது. இளம் விஞ்ஞானிகள் தம் படிப்பு, வெளியிட்ட கட்டுரைகள், செய்யப் போகும் ஆய்வின் திட்டம் ஆகியவற்றை எழுதி அனுப்புவார்கள். துறைக்கு ஒன்றாகப் பதினொரு குழுக்கள். ஒவ்வொரு விண்ணப்பத்தையும் குழுவில் ஐந்து பேர் படித்து மூன்று விஷயங்களுக்குத் தனித்தனியே மார்க் போடுவார்கள்: விஞ்ஞானத் திறமை, ஆய்வு முறையின் தரம், ஆய்வின் பயன். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. மூன்றையும் பெருக்கினால் அதிகபட்சம் 64. ஐந்து பேரின் சராசரிதான் விண்ணப்பதாரரின் தலையெழுத்து. கூட்டாமல் பெருக்குவதால் ஒன்றில் கொஞ்சம் குறைத்தாலும் மொத்தத்தில் பெரிதாக இடிக்கும்.

கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தில் இரண்டு பெண் ஆராய்ச்சியாளர்கள், கிறிஸ்டின் வென்னெரோஸ், ஆக்னஸ் வோல்ட். அவர்களுக்கு ஒரு சந்தேகம். நாட்டில் உயிர்மருத்துவத் துறையில் முனைவர் பட்டம் வாங்குபவர்களில் 44 சதவீதம் பெண்கள். பேராசிரியர்களில் 7 சதவீதம்தான் பெண்கள். நடுவில் மீதிப் பேர் எங்கே போனார்கள்? பெண்களுக்குச் சம வாய்ப்பு தருவதில் ஸ்வீடன்தான் முன்னணி என்று ஐ.நா. சபையே அப்போது பாராட்டியிருந்தது. அதனால் கேள்வி இன்னும் உறுத்தியது. பணம் கொடுக்கும் இடத்தில் எப்படி மார்க் போடுகிறார்கள் என்று பார்த்துவிட அந்தத் தாள்களைக் கேட்டார்கள்.

1995 பிப்ரவரியில் கவுன்சில் மறுத்தது. ரகசியம் என்றோ, நாட்டுக்கு ஆபத்து என்றோ சொல்லவில்லை. மதிப்பீட்டாளர்கள் போட்ட மார்க் அரசு ஆவணமே இல்லை என்றது.

இதைப் படித்தபோது நான் சிரித்துவிட்டேன். நம் கோப்பில் இரண்டு பக்கம் உண்டு. ஒன்று கடிதப் போக்குவரத்து, மற்றது நோட் ஷீட். முடிவு என்ன என்பது கடிதத்தில் இருக்கும். ஏன் அப்படி முடிவானது, யார் என்ன குறுக்கே எழுதினார், எந்த அதிகாரி திடீரென்று மனம் மாறினார் என்பதெல்லாம் நோட் ஷீட்டில். தகவல் உரிமைச் சட்டம் 2005ல் வந்ததும் முதல் சண்டையே இதற்காகத்தான் நடந்தது. 2006ல் நோட் ஷீட்டைச் சட்டத்திலிருந்து விலக்கத் திருத்தம் கொண்டுவர மத்திய அமைச்சரவை முடிவெடுத்து, நாடெங்கும் எதிர்ப்பு வந்ததும் கைவிட்டது. உலகம் முழுக்க அலுவலகங்கள் ஒரே மாதிரிதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வெகு நாளாக மனதில் இருப்பது. நான் வேலை பார்த்த ஒரு துறையில் நேர்முகத் தேர்வு என்றால் குழுவினர் முதலில் பென்சிலில் மார்க் போடுவார்கள். எல்லோரையும் பார்த்து முடித்ததும் கதவைச் சாத்திக் கொண்டு பேசுவார்கள். யார் முதல், யார் இரண்டாவது என்று முடிவான பிறகு, அந்த வரிசைக்குப் பொருந்துகிற மாதிரி மார்க்கைத் திருத்தி மையில் எழுதுவார்கள். பென்சிலை அழிக்க ரப்பர் எடுத்துக் கொடுத்தவன் நான்தான். ஒரு முறை பட்டியலில் இல்லாத ஒரு பெண் வந்து, "எனக்கு எத்தனை மார்க் சார்?" என்று கேட்டாள். "அதெல்லாம் சொல்லக்கூடாதும்மா" என்றேன். சொல்லக்கூடாது என்று எந்த விதியில் இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது.

கோத்தன்பர்க் பெண்கள் விடவில்லை. மேல்முறையீடு செய்தார்கள். நிர்வாக மேல்முறையீட்டு நீதிமன்றம் அதே ஆண்டு கவுன்சிலின் வாதத்தைத் தள்ளிவிட்டது. மார்க் போட்ட தாளும் அரசு ஆவணம்தான், கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு. 1766ல் பாதிரியார் பாடுபட்ட சட்டம் 229 வருடம் கழித்து ஆராய்ச்சிக் கூடத்துக் கதவைத் திறந்தது. ஆராய்ச்சி விண்ணப்பங்களுக்கு நிபுணர்கள் போட்ட அசல் மார்க்குகள் இத்தனை மொத்தமாக வெளியாள் கைக்குக் கிடைத்தது, அவர்கள் அறிந்த வரையில், அதுதான் முதல் தடவை.

கிடைத்ததை வைத்து அவர்கள் செய்தது ஒரு நல்ல கணக்குப்பிள்ளை செய்யும் வேலை. 1995ஆம் ஆண்டு ஃபெல்லோஷிப்புக்கு வந்த விண்ணப்பங்கள் 114. ஆண்கள் 62, பெண்கள் 52. கிடைத்தவர்கள் 20 பேர். அதில் ஆண்கள் 16, பெண்கள் 4. மூன்று விஷயத்திலும் பெண்களுக்குச் சராசரி குறைவு. அதிலும் "விஞ்ஞானத் திறமை" என்ற கட்டத்தில்தான் அதிகக் குறைவு, கால் மார்க்.

பெண்கள் உண்மையிலேயே குறைவாக வேலை செய்திருந்தால்? அதையும் பார்த்தார்கள். ஒவ்வொருவரும் வெளியிட்ட கட்டுரைகளை எண்ணி, எந்தப் பத்திரிகையில் வந்தது என்பதற்கேற்ப எடை போட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி கணக்கிட்டார்கள். பிறகு ஒரே அளவு புள்ளி உள்ள ஆணையும் பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். 100 புள்ளிக்கு மேல் எடுத்த பெண்களுக்குக் கிடைத்த திறமை மார்க்கும், 20 புள்ளிகூட எடுக்காத ஆண்களுக்குக் கிடைத்த மார்க்கும் ஒன்று! ஓர் ஆணுக்குச் சமமாக மார்க் வாங்க ஒரு பெண் இரண்டரை மடங்கு வேலை செய்திருக்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளியை நிரப்ப "நேச்சர்", "சயன்ஸ்" போன்ற முதல் தரப் பத்திரிகைகளில் மூன்று கட்டுரை கூடுதலாக எழுதியிருக்க வேண்டும். சாதாரணத் துறைப் பத்திரிகை என்றால் இருபது.

இதோடு இன்னொன்றும் அகப்பட்டது. அவர்கள் சந்தேகப்பட்டது முதல் விஷயத்தை. இது அந்தத் தாள்களிலிருந்து தானாக எழுந்து வந்தது. குழுவில் இருக்கும் ஒருவருக்கு வேண்டியவர், அதாவது அவரிடம் படித்தவரோ அவரோடு வேலை செய்தவரோ, விண்ணப்பித்தால் அந்த உறுப்பினர் மார்க் போடக்கூடாது, ஒதுங்கிக் கொள்ள வேண்டும் என்பது விதி. விதிப்படி ஒதுங்கினார்கள். ஆனால் மீதி உறுப்பினர்களே அந்த விண்ணப்பத்துக்கு மார்க்கைக் கூட்டிப் போட்டிருந்தார்கள். ஆணாகப் பிறந்ததால் கிடைத்த லாபம் எவ்வளவோ, தெரிந்தவர் குழுவில் இருப்பதால் கிடைத்த லாபமும் ஏறக்குறைய அவ்வளவு. நம் ஊரில் சேர்மன் தன் உறவுக்காரப் பையன் உள்ளே வரும்போது எழுந்து போய்க் காபி குடித்துவிட்டு வருவாரே, அதுதான். அவர் திரும்பி வருவதற்குள் காரியம் நடந்திருக்கும்.

கட்டுரை 1997 மே மாதம் "நேச்சர்" பத்திரிகையில் வந்தது. ஸ்வீடனில் மட்டுமல்ல, வெளிநாடுகளிலும் பணம் கொடுக்கும் அமைப்புகள் தங்கள் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டியதாயிற்று. அதே வருடம் பிரிட்டனின் வெல்கம் டிரஸ்ட் தன் விண்ணப்பங்களைத் தானே ஆராய்ந்து, தங்களிடம் அப்படிப் பாரபட்சம் இல்லை என்று அறிவித்தது. இருக்கலாம். ஸ்வீடன் கணக்கும் ஒரு கவுன்சிலின் ஒரு வருடத்துக் கணக்குதான். அதை வைத்து உலகம் முழுவதையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் வெளியாள் கேட்டு வாங்கிப் பார்ப்பதையும், வீட்டுக்காரரே பார்த்துச் சொல்வதையும் நான் ஒரே தராசில் வைக்கமாட்டேன். ஆடிட் வருகிறது என்றால் அலுவலகம் எப்படி மாறும் என்று பார்த்தவன்.

மார்க்கைக் காட்டலாம் சரி, விண்ணப்பத்தையே காட்டச் சொன்னால் என்ன ஆகும் என்று என் பெயர்த்தி கேட்டாள். அவள் யோசனையை வேறொருவர் எடுத்துக் கொண்டால்? நியாயமான பயம். கண்டுபிடிக்கும் முன்பே எழுதிக் கொடுப்பதுதானே விண்ணப்பம். இந்த வழக்கு அமெரிக்காவில் நடந்திருக்கிறது. படிப்பிலும் நடத்தையிலும் சிரமம் உள்ள குழந்தைகளுக்கு மனநல மருந்துகளைக் கொடுத்துப் பார்க்கும் பதினொரு ஆய்வுகளுக்கு அரசு பணம் கொடுத்திருந்தது. அவற்றின் விண்ணப்பங்களை ஒரு பொதுநல அமைப்பு கேட்டது. அரசுத் தரப்பு, ஆய்வுத் திட்டம் என்பது வியாபார ரகசியம் என்று மறுத்தது. வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1974ல், விஞ்ஞானி செய்வது வியாபாரம் இல்லை, ஆகவே அது வியாபார ரகசியமும் இல்லை, பணம் வாங்கிய விண்ணப்பத்தைக் காட்டு என்றது. ஆனால் நிபுணர்கள் அதைப் பற்றி எழுதிய கருத்துகளைக் காட்ட வேண்டாம் என்று விட்டுவிட்டது. ஸ்வீடன்காரர்கள் பின்னால் திறந்த கதவு அங்கே மூடியே இருந்தது.

நம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8ஆவது பிரிவில் வியாபார ரகசியத்தோடு அறிவுசார் சொத்தையும் சேர்த்து விலக்கு கொடுத்திருக்கிறார்கள். பெரிய பொதுநலன் இருந்தால் கொடுக்கலாம் என்று ஒரு ஜன்னலும் உண்டு. அந்தக் கட்டுரை வந்த 1997லேயே தமிழ்நாடு தனக்கென்று ஒரு தகவல் உரிமைச் சட்டம் போட்டதும் சிலருக்கு நினைவிருக்கலாம். அதில் விலக்குகள்தான் அதிகம் என்று அப்போதே பேசிக் கொண்டார்கள்.

ஸ்வீடன் கதைக்கு ஒரு பிற்சேர்க்கை உண்டு. அந்தக் கவுன்சிலை 2001ல் வேறு சிலவற்றோடு சேர்த்து ஒரே பெரிய ஆராய்ச்சிக் கவுன்சில் ஆக்கினார்கள். 2004ல் அங்கே மருத்துவ ஆராய்ச்சிக்கு வந்த விண்ணப்பங்களை வேறு இரண்டு ஆய்வாளர்கள் அதே மாதிரி எடுத்துக் கணக்குப் போட்டு 2008ல் வெளியிட்டார்கள். பெண்களுக்கு இருந்த குறை போயிருந்தது. சொல்லப் போனால் ஆண்களைவிடப் பெண்களுக்கு 10 சதவீதம் கூடவே விழுந்திருந்தது. குழுவில் தெரிந்தவர் இருந்தவர்களுக்கு மட்டும் பழையபடி 15 சதவீதம் கூடுதல். சேர்மன் காபி குடிக்கப் போவது நிற்கவில்லை.

பெயர்த்திக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். "என் விண்ணப்பத்துக்கு மதிப்பீட்டாளர்கள் ஒவ்வொருவரும் அளித்த மதிப்பெண் தாள்களின் நகல்" என்று போட்டிருக்கிறேன். மற்றவர்களுடையதைக் கேட்டால் மறுப்பதற்குக் காரணம் கிடைத்துவிடும். பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்துத் தபாலில் போயிருக்கிறது. முப்பது நாள் கெடு. இன்னும் பதினொரு நாள் பாக்கி.

நான் வேலை பார்த்த அந்தத் துறையிலும் இன்று யாராவது மனு போட்டால் நேர்முகத் தேர்வு மார்க் தாளை எடுத்துக் கொடுப்பார்கள். ரெக்கார்டு ரூமில் ஆண்டு வாரியாகக் கட்டி வைத்திருக்கிறது, பாதிக்கு மேல் என் கையெழுத்தில் லேபிள் ஒட்டியதுதான். எல்லாம் மையில் எழுதியவை.